சாளையும் சாலையும்

நீச்சல் தெரியாத ஒருவன் மோட்டார் படகு வாங்கினால் அவனை என்ன சொல்வீர்கள்? அதையேதான் என் மனைவியும் சொன்னாள். வயது ஐம்பதைத் தாண்டியாகிவிட்டது, திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் ஆணியும் கயிறும் விற்கிறவன், அதுவரை நான் தண்ணீரில் இறங்கியது குளியலறையில் மட்டும்தான். பேய், ஆவி என்றால் சிரிப்பேன். பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பது உண்டு, அது வேறு கணக்கு.

படகு ஆசையைக் கிளப்பியது சசி அண்ணன். பக்கத்துப் பெயின்ட் கடைக்காரர், மலையாளி. எனக்கு வீட்டில் வைத்த பேர் ஒன்று இருக்கிறது, அவர் அதை ஒருநாளும் சொன்னதில்லை. கடைத்தெருவின் பேரையே எனக்கு வைத்துவிட்டார். காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே “சாலே... சாலே...” என்று கூப்பிட்டு, கடைசியில் ஒரு பீடி இருமல் இருமுவார். சாயா குடிக்க வா என்று அர்த்தம். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பழைய படகை வாங்கினோம். காயல் வழியே கொல்லத்திலிருந்து கொச்சி வரை போய்த் திரும்ப வேண்டும் என்பது அவர் திட்டம். எஞ்சின் ரிப்பேர் முடிவதற்குள் மனுஷன் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார்.

அவருக்காகவாவது போய்விட்டு வருகிறேன் என்று கிளம்பினேன். துணைக்கு என் மச்சினன் செல்வம். எஞ்சின் தெரிந்தவன், அதாவது ஆட்டோ ஓட்டத் தெரிந்தவன். அவனுக்கும் நீச்சல் தெரியாது. அடுத்த மாதம் அவனுக்குக் கல்யாணம். தம்பியை முழுசாகக் கொண்டுவந்து சேர்க்காவிட்டால் நீங்களும் வரவேண்டாம் என்று மனைவி சொல்லி அனுப்பினாள்.

பயணம் என்னவோ அமர்க்களம்தான். ஓட்டியதைவிடத் தின்றது அதிகம். கரையில் எங்கே கப்பையும் மீன்கறியும் மணந்தாலும் படகு தானாக அங்கே திரும்பியது. தோட்டப்பள்ளியில் கயிற்றை நான் இறுக்கிக் கட்டிய அழகில், ராத்திரி ஓதம் இறங்கித் தண்ணீர் வடிந்து, படகு கிணற்று வாளி மாதிரிச் சாய்ந்து தொங்கியது. உள்ளே தூங்கிய நாங்கள் இரண்டு பேரும் ஒரே மூலையில் குவிந்து கிடந்தோம். கயிறு வியாபாரி என்று வெளியே சொல்லிக்கொள்ளவில்லை.

கொச்சியைத் தொட்டுவிட்டுத் திரும்பும்போதுதான் அது நடந்தது. காயங்குளம் காயல், மத்தியானம், ராத்திரிகூட இல்லை. திடீரென்று மழை அடித்து இறங்கியதில் முன்னால் ஒன்றும் தெரியவில்லை. சீக்கிரம் கரை பிடித்துவிடலாம் என்று நான் வேகத்தைக் கூட்டினேன், என் புத்தி அப்படி. லைஃப் ஜாக்கெட்டுகள் உள்ளே தலையணையாகக் கிடந்தன. அப்போது, நம்பினால் நம்புங்கள், வலது பக்கம் மிக அருகில் ஒரு குரல் கேட்டது.

“சாளே... சாளே...”

எங்கள் ஊரில் மத்தி மீனுக்குச் சாளை என்று பேர். மீன் விற்கிறவர்கள் தெருவில் அப்படித்தான் கூவுவார்கள். யாரோ வள்ளத்தில் மீன் கொண்டுவருகிறார் என்று நினைத்துக்கொண்டேன். கடைசியில் ஒரு இருமலும் கேட்டது, பாவம், மழையில் நனைகிறாரே என்றுகூடத் தோன்றியது. பொரித்த சாளை கண்முன் வந்து நிற்க, சட்டென்று எஞ்சினை அணைத்துவிட்டு எட்டிப் பார்த்துக் கத்தினேன்.

“சேட்டா, எந்தா வில?”

பதில் இல்லை. வள்ளமும் இல்லை. படகு மெதுவாக மிதந்துபோய் எதிலோ டொக்கென்று முட்டி நின்றது. குனிந்து பார்த்தால், பழைய சீனவலை ஒன்றைத் தாங்கி நின்ற தென்னங்குற்றிகள், தண்ணீருக்குச் சற்றுக் கீழே வரிசையாக நிற்கின்றன. வந்த வேகத்தில் மோதியிருந்தால் படகு பிளந்திருக்கும். செல்வத்தின் கல்யாணத்துக்கு மாப்பிள்ளையும் இருந்திருக்க மாட்டான், மாப்பிள்ளையின் அத்தானும் இருந்திருக்க மாட்டேன்.

வீட்டுக்கு வந்து இதை ஒரு தமாஷாகத்தான் சொன்னேன். சாளை மேல் உள்ள ஆசை எங்கள் உயிரைக் காப்பாற்றியது, இனி மீன் வேண்டாம் என்று யாரும் சொல்லக் கூடாது என்றேன். மனைவி சிரித்தாள். செல்வம் மட்டும் சிரிக்கவில்லை. வழியெல்லாம் அவன் வாயே திறக்காமல் வந்தது அப்போதுதான் உறைத்தது.

“அத்தான், அது சாளயில்ல,” என்றான். “சாலேன்னுதான் கூப்பிட்டாரு. எனக்கு நல்லாக் கேட்டுது.”

எஞ்சின் சத்தம், மழை, என் பசி என்று நானும் எவ்வளவோ காரணம் சொல்லிப் பார்த்தேன். அந்த இருமலுக்கு மட்டும் ஒன்றும் அகப்படவில்லை. இன்றைக்கும் தெருவில் மீன்காரம்மா “சாளே” என்று கூவினால், கையில் இருக்கிற வேலையை அப்படியே விட்டுவிட்டு நிற்கிறேன், அடுத்து இருமல் வருகிறதா என்று.

அன்றைக்குத் தம்பி சொன்னதைக் கேட்டதும் மனைவி என் பக்கம் திரும்பினாள். சொன்னாள்:

“செத்த மனுஷன் அவ்வளவு தூரம் வந்து, பேரு சொல்லிக் கூப்பிட்டிருக்காரு. நீங்க அவருகிட்ட மீன் வெல கேட்டிருக்கீங்க.”