செண்பகராஜின் ஐம்பத்தாறு

கோவில்பட்டிப் பெருமக்களின் சரித்திரத்தில் செண்பகராஜுக்கு இடம் ஒதுக்காவிட்டால் வருங்காலம் நம்மை மன்னிக்காது. தீப்பெட்டி ஆபீஸ்களில் லேபிள் அச்சடிக்க மாதிரி லேபிள் பையோடு ஆர்டர் பிடித்துத் திரிந்தவர், சென்ற ஆண்டு பஸ் ஸ்டாண்டு அருகே இன்டர்நெட் கடை திறந்தார். போன் கம்பி வழியே கம்ப்யூட்டரைப் பேசவைக்கும் மோடத்தைச் சென்னைக்கே போய் வாங்கினார். அதன் அட்டையில் 56 என்று வேகம் போட்டிருந்தது. கடைப் பலகையில் அந்த 56-ஐ ஆளுயரத்துக்கு எழுதவைத்தார். கடைப் பெயர் ஓரமாக ஒதுங்கிக்கொண்டது.

விற்றவன் அப்போதே கேட்டிருக்கிறான்: “ரெண்டு தினுசு 56 இருக்கு சார். உங்களுக்கு இன்டர்நெட் லைன் கொடுக்கிறவங்க எதை வெச்சிருக்காங்க?”

“தம்பி, நான் தீப்பெட்டி ஊர்க்காரன். எந்த ஆபீஸ் குச்சிய எந்த ஆபீஸ் பெட்டியில உரசுனாலும் பத்தும். இதுல என்ன தினுசு?”

பாவம், தீப்பெட்டி செய்கிறவர்களுக்கு இருக்கும் புத்தி மோடம் செய்கிறவர்களுக்கும் இருக்கும் என்று நம்பிவிட்டார். வெளிநாட்டில் இரண்டு கோஷ்டிகள் ஆளுக்கொரு 56-ஐப் பெற்றுப்போட்டு, தங்களுக்குள் கொள்வினை கொடுப்பினை இல்லை என்று அறிவித்திருந்தன. தினுசு மாறிச் சந்தித்தால் இரண்டும் பழைய 33 வேகத்தில்தான் பேசும்.

தீப்பெட்டிச் சங்கத்துக் கடிதங்களும் லேபிள் படங்களும் எந்தக் கடை வழியாக வருவது என்று முடிவுசெய்யத் தலைவர் காசிராஜன் வந்தார். அந்த வேலை கிடைத்தால் கடை பிழைக்கும். இல்லாவிட்டால் மறுபடி லேபிள் பைதான். எதிர்த்தெருவில் இன்டர்நெட் கடை வைத்திருந்த ஜேம்ஸ்ராஜ் பழைய மோடத்தோடு இருந்தான். அவன் பலகையில் 33 என்றே இருந்தது.

மோடம் கீச்சிட்டது, கரகரத்தது, இணைந்தது. திரையில் சேவல் லேபிள் ஒன்று இறங்கத் தொடங்கியது. டீ முடிந்தபோது கொண்டை மட்டும் வந்திருந்தது.

“ஏலே செண்பகம், போர்டுல அம்பத்தாறு, இங்கன முப்பத்திமூணுல்லா காட்டுது?”

“சூடாகணும் அண்ணாச்சி.”

“இது மோடமா, டீசல் இஞ்சினா? ஜேம்ஸ்ராஜ் கடையிலயும் இதே வேகம்தாம்லே. அவன் அதையே போர்டுல எழுதியிருக்கான்.”

சேவலுக்கு மூக்கு முளைக்குமுன் தலைவர் எதிர்த்தெருவுக்குப் போய்விட்டார்.

செண்பகராஜ் தோல்விக்கு அஞ்சுபவரா? ஐம்பத்தாறுக்குக் கீழே இணையவே கூடாது என்று மோடத்துக்கு வீம்பு கற்றுக்கொடுத்தார். அன்றிலிருந்து அது எதிலும் இணையவில்லை.

இந்த ஆண்டு கோஷ்டிகள் களைத்துப்போய்ப் பொதுவான ஒரே முறைக்கு ஒப்புக்கொண்டன. லைன் கொடுப்பவர்களும் அதற்கு மாறினார்கள். செண்பகராஜின் மோடத்தையும் திருத்தலாம். அதற்கான பைலை இன்டர்நெட்டிலிருந்துதான் இறக்க வேண்டும். பிளாப்பியோடு அவர் எதிர்த்தெருவுக்குப் போனார். அங்கே காசிராஜன் சங்கக் கடிதம் படித்துக்கொண்டிருந்தார்.

“என்னலே, இங்கன வந்திருக்க?”

“ஒரு பைல் எறக்கணும் அண்ணாச்சி.”

“ஒங்கடையில எறங்காதோ?”

“அது… அம்பத்தாறுக்குக் கீழ எறங்க மாட்டேங்கு.”

“மொதலாளிக்கு ஏத்த பொட்டிதான். இரி, சங்கத்து வேலை முடியட்டும்.”

முடியும்வரை ஸ்டூலில் உட்கார்ந்திருந்து, பைலை வாங்கிப்போய் மோடத்தைத் திருத்தினார். இப்போது அவருடைய மோடம் எந்தத் தினுசோடும் பேசும், சுவிட்சைப் போட்டுவிடத்தான் ஆளில்லை. முதலாளி லேபிள் பையோடு காலையிலேயே சாத்தூர் பஸ் ஏறிவிடுகிறார். பூட்டிய கடைமேல் 56 மட்டும் ஆளுயரத்துக்கு நிற்கிறது.