மேடைப் பேச்சும் மாடி மூச்சும்

என் மச்சினிக்கு எங்கள் குடியிருப்பின் தரைத்தளத்தில் ஒரு தையல் கடை. கடை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். உள்ளே ஒருத்தர் தும்மினால் மெஷின் தெருவில் போய் விழும். ஆனால் அவள் வாய் இருக்கிறதே, அது மூன்று கடை அகலம். அவளிடம் திட்டு வாங்குவதற்கென்றே சிலர் வீட்டில் உட்கார்ந்து பொத்தானைப் பிய்த்துக்கொண்டு வருகிறார்கள் என்று நான் சொல்வேன். அவள் ஊசியைக் காட்டுவாள்.

அப்படிப்பட்டவள் படம் எடுக்கக் கிளம்பியதற்குக் காரணம் அவளுடைய அக்கா, அதாவது என் பெண்டாட்டி. முட்டியில் ஆபரேஷன் முடிந்ததும் அவளை நாற்காலியோடு ஐந்தாவது மாடிக்குத் தூக்கி வந்தோம். லிஃப்ட் அப்போதே படுத்துவிட்டது. அடுத்த வாரம் ஓடும் என்றார் குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர். மழை வந்து போனது, வெயில் வந்து போனது, அந்த அடுத்த வாரம் மட்டும் வரவில்லை. என் பெண்டாட்டியோ செருப்பை வாசலிலேயே வைத்திருந்தாள்.

"லிஃப்ட் வந்ததும் செருப்பத் தேடிக்கிட்டு நிக்கக் கூடாதுல்ல" என்பாள்.

அந்த நேரத்தில் நூலகத்தில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். அவரவர் தெருவைப் பற்றி அவரவரே எடுத்த உண்மைப் படங்களை ஒரு சாயங்காலம் போட்டுக் காட்டப் போகிறார்களாம். முன்வரிசையில் எங்கள் செயலாளரும் உட்காரப் போகிறாராம்.

"மாமா, இதுதான் சான்ஸ்! எல்லாரும் என் கடையில வந்து புலம்புறதை அப்படியே என் போன் கேமரா முன்னாடி சொன்னாப் போதும். நாலு பேர் முன்னாடி அந்த மனுஷன் எப்படித் தப்பிப்பாருன்னு பாத்துருவோம்" என்றாள்.

முதலில் தண்ணீர் கேன் போடுகிறவரைப் பிடித்தாள். லிஃப்ட் நின்றதிலிருந்து கேனைத் தோளில் சுமந்து ஏறுகிறவர் அவர். ஏறும்போது செயலாளரை அவர் திட்டுகிற திட்டில் சுவரில் பெயிண்ட் உதிரும். மச்சினி போனைத் துணிக் குவியல்மேல் சாய்த்து வைத்ததுதான் தாமதம், மனுஷர் தலையைப் படிய வாரி, தொண்டையைக் கனைத்தார்.

"அனைவருக்கும் வணக்கம். படிக்கட்டில் ஏறி இறங்குவது உடலுக்கு மிகுந்த நன்மை பயக்கும். நமது சங்கம் சிறப்பான முறையில் செயல்பட்டு வருகிறது. நன்றி."

"அண்ணே! நேத்து அந்த ஆளை லிஃப்ட் குழியில தள்ளணும்னு சொன்னீங்களே!"

"அது சும்மா பேசுறதும்மா. இது படம்ல?"

அடுத்து சலூன்காரர். கத்தரிக்கோலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "இக்குடியிருப்பு ஒரு பூங்காவனம்" என்றார். வாட்ச்மேன் சல்யூட் அடித்தார்; அடித்த கையை இறக்கவே இல்லை. இன்னும் அப்படியேதான் நிற்கிறார் என்று கேள்வி.

மச்சினிக்கு அழுகையே வந்துவிட்டது. "போனைத் துணிக்குள்ள ஒளிச்சு வச்சு எடேன்" என்றேன்.

"சொல்லாம எடுத்தா அது திருட்டு மாமா. அப்புறம் யாரு என்கிட்ட வாயத் திறப்பா?"

மேலே வந்து அக்காவிடம் எல்லாவற்றையும் போட்டுக் காட்டினாள். அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உன் கேள்வியப் போடு" என்றாள். போனுக்குள்ளிருந்து மச்சினியின் குரல் வந்தது: "ஐயா, தாங்கள் இக்குடியிருப்பில் எத்தனை ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறீர்கள்?"

என் பெண்டாட்டி சிரித்த சிரிப்பில் ஆறிப்போன முட்டித் தையல்கூடப் பிரிந்துவிடுமோ என்று பயந்துபோனேன்.

"யாருடி இவ, ரேடியோல செய்தி வாசிக்கிறவளா? நீ தாங்கள்னு கேட்டா அவரு நன்மை பயக்கும்னுதான் சொல்லுவாரு!"

தன் கையையே துணியோடு சேர்த்துத் தைத்துவிட்டவளைப்போல் மச்சினி முழித்தாள்.

மறுநாள் கேன்காரர் பின்னாலேயே படியேறினாள்.

"போன் ஓடுதுண்ணே, சொல்லிட்டேன். தோள் வலிக்குதா?"

"வலிக்குதாவா? தோளு எங்க இருக்குன்னே தெரியலம்மா! ஒவ்வொரு மாடியிலயும் உசிரை வச்சுட்டு வர்றேன், இறங்கும்போது பொறுக்கிட்டுப் போறேன். அந்த மகராசன் கீழ் வீட்டுல கால நீட்டி உக்காந்துகிட்டு அடுத்த வாரம்ங்கிறான். ஒரு நாள் இந்த கேனைத் தூக்கிப் பாக்கச் சொல்லு! நானாவது இறங்கிடுறேன். உங்க அக்கா? ஜன்னல்ல மூஞ்சி மட்டும் தெரியுது, கூண்டுல வச்ச மாதிரி."

மச்சினி கால் தரையில் படாமல் இறங்கி வந்தாள். சாயங்காலமே கேன்காரர் கடைக்கு வந்து நின்றார்.

"அந்தப் பேச்ச எடுத்துரும்மா. இங்க யாரு தண்ணி போடணும்னு முடிவு பண்றதே செயலாளருதான்."

"அண்ணே, அது ஒண்ணுதாண்ணே உண்மையா வந்திருக்கு."

"அதனாலதாம்மா பயமா இருக்கு."

அவள் நூலைக் கடித்துத் துப்பினாள். "சரிண்ணே."

எனக்கு வந்த கோபத்துக்கு அவர் கேனையே முழுங்கியிருப்பேன். "நீ பாட்டுக்குப் போட்டுடு" என்று கிசுகிசுத்தேன். அவள் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன். வாசல்வரை போனவர் திரும்பினார்.

"பேச்ச மட்டும் வெட்டு. ஏறுறதும் மூச்சும் இருந்துட்டுப் போகட்டும். அதுல நான் யாரையும் திட்டல."

பேச்சு வந்த இடத்தையெல்லாம் நறுக்கினாள். வெட்டித் தைப்பதுதானே அவள் பிழைப்பு. ஆனாலும் ஒவ்வொரு வெட்டுக்கும் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

நூலகக் கூடத்தில் வெறும் மூச்சு மட்டும்தான் கேட்டது. மாடிக்கு மாடி அது பெரிதாகியது. கடைசியில் ஒரு வாசல், ஒரு ஜோடி செருப்பு, அவ்வளவுதான் படம். நாற்காலிகளுக்கே மூச்சு வாங்கியது என்று சொல்வேன். செயலாளர் எழுந்து மைக்கைப் பிடித்தார்; தொண்டையைக் கனைத்தார். கேன்காரர் அன்றைக்குக் கனைத்த அதே கனைப்பு.

"மிக அருமையான படைப்பு. இக்கோரிக்கை பரிசீலிக்கப்பட்டு, உரிய நடவடிக்கை விரைவில் மேற்கொள்ளப்படும்."

ஒரே கைதட்டல். எல்லாரையும்விடப் பலமாகத் தட்டியவர் கேன்காரர்.

நாங்கள் இரண்டு பேரும் படியேறி வந்தோம். தன்னைப் பற்றிய படத்துக்கு வர முடியாதவள் கதவைத் திறந்து வைத்து, நாற்காலியில் காத்திருந்தாள்.

"என்னடி சொன்னாரு? செஞ்சுடறேன்மான்னு சொன்னாரா?"

மச்சினி சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். "இல்லக்கா. மேற்கொள்ளப்படும்னாரு."

என் பெண்டாட்டி வாசலில் கிடந்த செருப்பைக் காட்டினாள்.

"அப்ப அதை எடுத்து உள்ள வை."