முனியாண்டி மேட்டு இலை சொன்ன சாட்சி

போன வாரம் எங்கள் எஸ்டேட் ஆபீசில் ஒரு பெரிய தகராறு. மெஷினை நம்புவதா, பிலோமினாவை நம்புவதா?

பிலோமினா தேயிலைக்கு மருந்தடிப்பவள். அவள் மருந்தடித்த மலையிலிருந்து கோலாலம்பூர் லேபுக்குப் போன இலையில், காய்கறிக்கு அடிக்கும் விஷ மருந்து இருப்பதாக ரிப்போர்ட் வந்துவிட்டது. அவள் தம்பிக்குப் பக்கத்து ஊர் லெம்பா பெர்த்தாமில் முட்டைக்கோஸ் தோட்டத்தில் வேலை. போதாதா? அங்கிருந்து கொண்டுவந்து கலந்துவிட்டாள் என்று முடிவே கட்டிவிட்டார்கள். வேலை போனால் எஸ்டேட் கொடுத்த லைன் வீடும் போகும். பிள்ளைகளோடு எங்கே போவாள்?

"மாதா மேல சத்தியமா நான் கலக்கலீங்க, கிராணி ஐயா!"

கிராணி என்றால் எஸ்டேட் ஆபீஸ் கிளார்க், நான்தான். லேபுக்கு போன் போட்டேன். பேசிய கெமிஸ்ட் தங்கமான பெண்.

"இலைச் சாறுல இருக்கறதை உடைச்சு, துண்டுகளோட எடையை மெஷின் பார்க்கும் சார். தனக்குத் தெரிஞ்ச மருந்துல எது கிட்ட வருதோ, அந்தப் பேரைச் சொல்லும்."

"எதுவுமே கிட்ட வரலைன்னா?"

"அப்பவும் இருக்கறதுல எது தேவலையோ அதைச் சொல்லும்லா..."

தூக்கிவாரிப் போட்டது. இது நம் கல்யாணத் தரகர் கதை அல்லவா? எந்த ஜாதகத்தைக் கொடுத்தாலும் ஏதோ ஒரு பொருத்தத்தோடு வந்து நிற்பார். சம்பந்தமே இல்லாத ஜாதகத்தைக் கொடுத்தாலும் இப்படித்தான் சொல்வாரா என்று நாம் சோதித்துப் பார்ப்பதில்லை.

சோதித்தோம். எங்கள் முனியாண்டி கோயில் மேட்டில் இருக்கும் தேயிலைக்கு யாரும் மருந்தடிக்க மாட்டார்கள். மேனேஜர் துரையே உத்தரவு போட்டாலும் நடக்காது — முனி அடித்துவிடும் என்ற பயம்! காற்றில்கூட மருந்து எட்டாத உச்சி அது. அந்த இலையைப் பல பொட்டலமாகக் கட்டி, பிலோமினா மலை இலைப் பொட்டலங்களோடு சேர்த்து, எது எங்கிருந்து வந்தது என்று தெரியாதபடி வெறும் நம்பர் மட்டும் போட்டு அனுப்பினோம். துரையும் சம்மதித்தார்.

முனியாண்டி பொட்டலங்களில் பாதிக்கு மேல் அதே விஷத்தின் பெயர்! பொருத்தமும் பிலோமினா மலை இலைக்கு வந்த அதே அளவு. தேயிலையிலேயே இயற்கையாக இருக்கும் ஏதோ ஒன்று மெஷினை ஏமாற்றியிருக்க வேண்டும் என்றார் கெமிஸ்ட்.

"அந்த ரிப்போர்ட்டை வச்சு யாரையும் ஒண்ணும் செஞ்சிடாதீங்க சார்" என்று அவரே கூப்பிட்டுச் சொன்னார். தன் லேபின் ரிப்போர்ட்டைத் தானே வேண்டாம் என்பதற்கு எத்தனை பெரிய மனசு வேண்டும்!

பிலோமினா கலக்கவில்லை என்று இதனால் நிரூபணமாகிவிடவில்லை. கலந்தாளா இல்லையா என்று அந்த மெஷினால் சொல்ல முடியாது — அவ்வளவுதான். ஒருத்தியை வீட்டைவிட்டுத் துரத்த அப்படி ஒரு ரிப்போர்ட் போதுமா? நீங்களே சொல்லுங்கள்.

துரை அவளைக் கூப்பிட்டு வேலைக்கு வரச் சொன்னார். கண்ணைத் துடைத்துக்கொண்டே அவள் கேட்டாள்:

"நாங்க தப்பு செஞ்சா வார்னிங் லெட்டர் குடுக்குறீங்களே தொரை... மெஷினுக்கு யாரு குடுப்பா?"