அண்ணன் பேருக்குப் பின்னால இருந்த பி.காம்.

படபட படபடன்னு ஒரு சத்தம்... கடக்காத்துல ஃப்ளெக்ஸ் அடிச்சுக்கிடுத சத்தம். அதக் கேட்டா இன்னிக்கும் நான் அண்ணாந்து பாத்துருவேன்.

சொல்லுதேன், சிரிக்கக் கூடாது.

எங்க அப்பாவுக்கு ஹார்பர் ரோட்டுல பெட்டிக்கடை. லாரிக்காரங்களுக்கு டீ, கலர் சோடா, வாழப்பழம், சோப்பு. அண்ணன் கல்யாணத்துக்கு அவன் கூட்டாளிங்க பெரிய ஃப்ளெக்ஸ் ஒண்ணு வச்சானுவ. கூலிங்கிளாஸ் போட்ட அண்ணன் போட்டோ, கீழ கொட்டை எழுத்துல பேரு, பக்கத்துல பி.காம். கல்யாணம் முடிஞ்சா நம்ம ஊர்ல அதத் தூரப் போடுவோமா? அப்பா கடை முன்னாடி வெயிலுக்கு மறைப்பா இழுத்துக் கட்டிட்டாரு. நல்ல கெட்டி ஃப்ளெக்ஸ்லா...

அந்த பி.காம்.ல ஒரே ஒரு சிக்கல். அண்ணன் பாஸ் ஆகல. அரியர் கெடந்துச்சு.

காலேஜ் வாசல மிதிச்சவன் எல்லாம் கல்யாணத்துக்கு டிகிரி போட்டுக்கிடுதது எங்க பக்கம் வழக்கம்தான். யாரு மார்க் ஷீட் கேக்கப் போறா? பொண்ணு வீட்டுலயும் கேக்கல. மதினிக்கும் தெரியாது.

அந்த வருஷம்தான் எனக்கு கவுன்சிலிங். இன்ஜினியரிங் சீட்டுக்கு மார்க் இருந்துச்சு, ஃபீஸுக்குத்தான் வழி இல்ல. வீட்டுல யாருமே டிகிரி முடிக்கலன்னா, மொதல்ல படிக்க வாரவளுக்கு ட்யூஷன் ஃபீஸ அரசாங்கமே கட்டிரும். அதுக்கு முதல் பட்டதாரி சர்டிபிகேட் வேணும். எழுதிப் போட்டாச்சு.

விசாரிக்க வி.ஏ.ஓ. கடைக்கே வந்தாரு. மண்டையப் பொளக்குத வெயில். அப்பா ஒரு கலர ஒடச்சுக் குடுத்தாரு. அவரு அண்ணாந்து குடிக்காரு... அண்ணாந்தா மேல என்ன தெரியும்?

"அண்ணாச்சி, இது யாரு?"

"நம்ம பையன்தான் சார்..."

"பி.காம்.னு போட்டுருக்கு. பொறவு எப்படி ஒங்க மவ முதல் பட்டதாரி?"

அப்பா துண்ட எடுத்து மொகத்தத் தொடச்சாரு. அன்னிக்குன்னு பாத்து மதினி சோத்துத் தூக்கோட வந்து நிக்காவ. நானும் அங்கனதான் நிக்கேன். உண்மையச் சொன்னா அண்ணன் மானம் போவும். சொல்லலன்னா என் படிப்பு போவும்.

அண்ணன் கல்லாவுல இருந்து எந்திரிச்சு வந்தான். மதினிய ஒரு தரம் பாத்தான்.

"பட்டதாரில்லாம் இல்ல சார். அரியர் இருக்கு. சும்மா கெத்துக்குப் போட்டது."

டீ குடிச்சிட்டு நின்ன டிரைவருங்க எல்லாம் திரும்பிப் பாத்தாவ. வி.ஏ.ஓ. சிரிச்சிட்டாரு. "அத அப்படியே எழுதிக் குடுங்க தம்பி"ன்னாரு. அண்ணன் அங்கனயே நின்னு எழுதிக் குடுத்தான்.

மதினி தூக்க டொக்குன்னு வச்சாவ. "ஏளா, நீ சர்டிபிகேட்ட வாங்கப் பாரு. இவுகள நான் பாத்துக்கிடுதேன்."

எப்பா... நல்லாவே பாத்துக்கிட்டாவ. வீட்டுல ரொம்ப நாளைக்குப் பேச்சு வார்த்தையே இல்ல.

சர்டிபிகேட் வந்துச்சு. சேந்தேன், முடிச்சேன். இன்னிக்கு அதே துறைமுகத்துல கிரேன் மெயின்டனன்ஸ்ல இருக்கேன். மாசாமாசம் சம்பளத்துல வரி போயிட்டுதான் மீதி கைக்கு வருது.

போன வாரம் கேண்டீன் மேசையில எங்க ஆபீஸ் சார் ஒருத்தரு ஆரம்பிச்சாரு. "நாம கட்டுத டாக்ஸ்ல கண்டவனும் ஓசியில படிக்கான்"னு.

எனக்கு வந்துச்சே கோவம்! டிபன் பாக்ஸ மூடி வச்சேன். "அந்தக் கண்டவங்கள்ல நானும் ஒருத்தி சார். எனக்குச் செலவழிச்சத விடக் கூடவே வரியா கட்டிட்டேன். இன்னும் கட்டுவேன். வரி நீங்க மட்டுமா கட்டுதீங்க? எங்க கடையில சோப்பு வாங்குன லாரிக்காரனும்தான் கட்டுனான்."

"அதுக்கில்லம்மா, வசதி உள்ளவனும் வாங்கிக்கிடுதாம்லா..."

"அப்ப அவனப் புடிங்க. படிக்க வாரவ வாசல ஏன் அடைக்கீங்க?"

மனுசன் தயிர்ச்சோத்துல குனிஞ்சவர்தான், நிமிரல. நான் சொன்னதுல ஒரு எழுத்தக்கூட மாத்த மாட்டேன். என் வரியில ஒரு பிள்ள படிச்சா எனக்கு சந்தோசம்தான்.

ஆனா அந்த ஓசிங்குத வார்த்தை மட்டும் உறுத்திக்கிட்டே இருந்துச்சு. அண்ணன் மானத்தக் குடுத்துல்லா எனக்கு அது கெடச்சுது. ஞாயித்துக்கெழம கடைக்குப் போனப்ப அண்ணன்கிட்ட கேட்டேன். "ஏண்ணே, பொறவாவது அந்த அரியர எழுதி முடிச்சிருக்கலாம்லா?"

வாழத்தாரத் தொங்கவிட்டுக்கிட்டே சொல்லுதான். "எழுதலாம்னுதான் இருந்தேன்ளா. நான் பாஸ் ஆயிட்டா ஒன் ஃபீஸ நிறுத்திருவானுவளோன்னு பயம். நீ முடிக்கட்டும்னு இருந்தேன். அதுக்குள்ள பிள்ள குட்டின்னு ஆயிப்போச்சு."

நான் போயி தாரோட அடியத் தாங்கிப் புடிச்சேன்.

அப்பல்லாம் ஒரு விவரம் கேக்கணும்னா தாலுகா ஆபீஸ் வாசல்ல கால் கடுக்க நிக்கணும். இப்ப கையில ஃபோன் இருக்கு. அண்ணன் பொறவு பாஸ் ஆனா தங்கச்சி ஃபீஸ நிறுத்துத ரூல் நெசமாவே இருந்துச்சான்னு ஒரு நிமிஷத்துல பாத்துரலாம்.

நான் பாக்கல. பாக்கவும் மாட்டேன்.