ஆவடியில் நல்ல கள் எங்கே?

அரக்கோணம் பாசஞ்சர் ஆவடியிலேயே நின்றுவிடுகிறது. எஞ்சின் பழுது, சாயங்காலம்தான் கிளம்பும் என்று வெள்ளைக்கார கார்டு கையை விரிக்கிறான். எனக்கென்ன, நாக்கு வறண்டு கிடக்கிறது. வெளியே பீடி பிடித்துக்கொண்டிருக்கும் மீசைக்காரரிடம் நல்ல கள் எங்கே கிடைக்கும் என்று கேட்கிறேன்.

"எதுத்தாப்ல கீதே, அந்தக் கடைதான் நைனா. தேனாட்டம் இருக்கும்."

ஒரு வாய் குடிக்கிறேன். பாதி தண்ணீர், மீதி புளிப்பு. துப்பிவிட்டுத் திரும்பினால், மீசைக்காரர் காலி மொந்தையைத் துண்டில் மறைத்துக்கொண்டு பருத்திப்பட்டு ஏரிப் பக்கம் நடக்கிறார். விடுவேனா? பின்னாலேயே போகிறேன்.

ஏரிக்கரையில் பனை மரங்களுக்கு நடுவே ஓர் ஓலைக் கொட்டகை. என்னைப் பார்த்ததும் அவர் முகம் சுண்டிப்போகிறது.

"எல்லாருக்கும் சொல்லிக்கினு இருந்தா எனக்கு இன்னா மிஞ்சும்? சரி, வந்துட்டே. குந்து."

பனையோலைப் பட்டையில் நுரை பொங்க ஊற்றுகிறார்கள். அவர் விரலால் தொட்டு மண்ணுக்கு ஒரு சொட்டு தெறிக்கிறார், நானும் தெறிக்கிறேன். லேசான இனிப்பு, அடியில் மெல்லிய சுறுக். விலையோ ஸ்டேஷன் கடையில் பாதி. வண்டி நாளைக்குக் கிளம்பினாலும் எனக்குச் சம்மதம்.

"ஞாயித்துக்கெழம காலைல வா. இத்தவிட சோக்கா இருக்கும்" என்கிறார். கட்டாயம் வருகிறேன் என்கிறேன்.

வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் எதிரே இருப்பவர் மோப்பம் பிடித்து, ஆவலாகக் குனிகிறார்.

"எந்தக் கடை சார்?"

ஜன்னல் வழியே ஸ்டேஷனுக்கு எதிரே கையைக் காட்டுகிறேன்.

"அதுதான். தேனாட்டம் இருக்கும்."