ஆடிட்டுக்கு மட்டும் தொட்டில்

நீங்கள் பொய் சொன்னீர்கள், முதலாளி. என் மகளைக் கையில் தூக்கி வைத்துக்கொண்டு பொய் சொன்னீர்கள்.

எச்.ஆர். மேடத்தைச் சொல்லவில்லை. அந்தப் பெண்ணும் என்னைப் போலச் சம்பளத்துக்கு வருகிறவள்தான். உங்களைத்தான் சொல்கிறேன்.

நான் ஓவர்லாக் டெய்லர். பனியனுக்குத் தோளையும் பக்கத்தையும் முதலில் மூட்டுகிறவள். என் மெஷின் நின்றால் பின்னால் இருக்கிற வரிசை முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே இதே வேலை. பிரசவத்துக்கு நின்றேன். மகள் குப்புற விழப் பழகியதும் திரும்ப வந்துவிட்டேன். குடும்பக் கஷ்டம், வேறு வழியில்லை என்றெல்லாம் சொல்ல மாட்டேன். எனக்கு இந்த வேலை பிடிக்கும். குழந்தை பெற்றவள் வேலைக்கு வந்தால் எல்லோரும் ஏதோ பரிதாபத்தைத் தேடுகிறார்கள். என்னிடம் அது கிடைக்காது.

காலை டீக்கு முன்பே மார்பில் பால் கட்டிக்கொள்ளும். கம்பெனி கோட்டின் முன்பக்கம் நனைந்துவிடும். டாய்லெட்டில் போய்ச் சுவரைப் பார்த்து நின்று பீய்ச்சி விடுவேன். வெளியில் அடுத்தவள் கதவைத் தட்டிக்கொண்டிருப்பாள். மகள் குடிக்க வேண்டிய பால் சாக்கடைக்குப் போகும். இதை எழுத எனக்கு வெட்கமில்லை.

சூப்பர்வைசர் ஒருநாள் வந்து நின்றார். "ஏனுங்க அக்கா, அடிக்கடி பாத்ரூம் போயிடறீங்க. புரொடக்ஷன் யாருங்க குடுப்பா?"

"பால் பீச்சப் போறனுங்க. நீங்க வேணா கூட வந்து டைம் எழுதிக்கங்க."

அதற்குப் பிறகு அவர் என் மெஷின் பக்கம் வந்தால் கூரையைப் பார்த்துக்கொண்டுதான் பேசுவார்.

மகளை, மண்ணரை ஏரியாவில் நாங்கள் குடியிருக்கிற லைன் வீட்டிலேயே அடுத்த வாசலில் விட்டுவிட்டு வருவேன். அந்தம்மா ராமநாதபுரத்துப் பக்கம். வீட்டில் உட்கார்ந்து பிசிர் வெட்டுகிறவர். தைத்த பனியனில் தொங்குகிற நூலையெல்லாம் கத்தரித்து மடித்துக் கொடுக்கிற வேலை. நல்ல மனுஷி. ஆனால் வீடு முழுக்க நூல். சாயங்காலம் போய்த் தூக்கினால் மகளின் வாயில் விரலை விட்டுத் துழாவுவதுதான் முதல் வேலை. பச்சை, ரோஸ், கருப்பு, அன்றைக்கு என்ன ஆர்டரோ அந்தக் கலரில் நூல் வரும்.

ஒருநாள் அந்தம்மாவே வந்து சொன்னார். "ஏத்தா, எம் மகளுக்குப் பேறுகாலம். ஞாயித்துக்கிழமை ஊருக்குப் போறேன். திரும்பி வர நாளாகும். நீ வேற ஆளப் பாத்துக்க."

வேறு ஆள் கிடையாது. வீட்டுக்காரருக்குச் சாயப்பட்டறையில் வேலை. விடிவதற்குள் போகிறவர். சோற்றைப் பிசைந்துகொண்டே, "பேசாம நீ வேலைய உட்டு நின்னுக்க புள்ளே. பொண்ணு ஸ்கூலுக்குப் போன பொறகு மறுக்காப் போலாம்" என்றார்.

"ஏனுங்க, நீங்க நின்னுக்கங்களே."

சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அப்புறம் அவரும் சிரிப்பை நிறுத்திக்கொண்டு தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார்.

கம்பெனியில் இடம் இல்லாமல் இல்லை. கேண்டீனுக்குப் போகிற வழியில் ஒரு நீலக் கதவு. மேலே 'குழந்தைகள் காப்பகம்' என்று போர்டு. திறந்தால் கூரை வரைக்கும் அட்டைப்பெட்டி. எச்.ஆர். மேடம் எங்கள் வரிசைக்கு வந்தபோது எழுந்து நின்று கேட்டேன்.

"மேடம், அந்த ரூம்ல பெட்டியைக் கொஞ்சம் ஒதுக்கிக் குடுத்தா எம் பொண்ணை உட்டுக்கறனுங்க."

"அய்யோ அக்கா, சின்னக் குழந்தைங்களை கம்பெனிக்குள்ளயே உடக் கூடாதுங்க. யாராவது பாத்தா சைல்டு லேபர்னு ஆயிரும்."

"ஏழு மாசப் புள்ளைங்க மேடம். இன்னும் தவழவே வரல. அது என்னத்தைத் தெச்சுரப் போவுது?"

எனக்குப் பின்னால் பிளாட்லாக் மெஷின் ஓட்டுகிற அக்கா விடவில்லை. "பட்டன் வெக்க உடலாமுங்க மேடம். வெரல் சின்னதா இருக்குது, சௌரியம்."

வரிசையே சிரித்தது. மேடமும் சிரித்துவிட்டுத்தான் போனார். பெட்டிகள் இருந்த இடத்திலேயே இருந்தன.

அந்த வாரமே ஆடிட் வந்தது. பனியன் வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனி, ஆளை அனுப்பி எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்கும். எங்களுக்கு அது நோம்பி, ஊர்த் திருவிழா மாதிரி. சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். டாய்லெட்டில் சோப்பு முளைக்கும். காலியாகக் கிடந்த முதலுதவிப் பெட்டிக்குள் மருந்து வரும். கழுத்தில் தொங்கிய மாஸ்க் மூக்குக்கு ஏறும். என்ன கேட்டால் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று கேண்டீனில் உட்காரவைத்துப் பாடம் நடத்துவார்கள். வாழைமரம் ஒன்றுதான் கட்டுவதில்லை.

அந்தத் தடவை காப்பகத்துப் பெட்டிகளையும் வெளியேற்றினார்கள். புதுத் தொட்டில் வந்தது. விலைச்சீட்டு கிழிக்காத பொம்மைகள் வந்தன. மேடம் என் காதருகில் குனிந்து, "அக்கா, நாளைக்குப் பாப்பாவைக் கூட்டிட்டு வந்துருங்க" என்றார்.

"சைல்டு லேபர் ஆயிராதுங்களா?"

"அக்கா, ப்ளீஸ்."

கொண்டுபோனேன். அறையில் நான்கு குழந்தைகள். அந்தக் கம்பெனியில் வேலை செய்கிறவள் பெற்றது என் மகள் மட்டும்தான். மற்றவை வேன் டிரைவரின் சொந்தத்திலும் காண்ட்ராக்டர் வீட்டிலும் கேட்டு வாங்கி வந்தவை. ஒன்று வந்ததிலிருந்து "ஊட்டுக்குப் போலாம்" என்று அழுதுகொண்டிருந்தது. ஆயா என்று உட்காரவைத்திருந்தது செக்கிங்கில் இருக்கிற ஒடிசாப் பெண்ணை. புதுச் சேலை கட்டிவிட்டிருந்தார்கள். அவளுடைய குழந்தை ஊரில் மாமியாரிடம் வளர்கிறது. போனில்தான் பார்க்கிறாள். என் மகளை வாங்கியவள் கீழே வைக்கவே இல்லை.

ஆடிட்டுக்கு வந்த அம்மாவுக்குத் தமிழும் தெரியும், இந்தியும் தெரியும். ஒடிசாப் பெண்ணிடம் இந்தியில் ஏதோ கேட்டார். அவள் நீளமாகப் பதில் சொன்னாள். மேடத்துக்கு இந்தி தெரியாது. அவர் முகத்தில் வேர்த்ததைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பிறகு அந்த அம்மா என் பக்கம் திரும்பினார்.

"குழந்தையைத் தினமும் கொண்டுவர்றீங்களா?"

பின்னால் மேடம் ஆமாம் சொல்லச் சொல்லித் தலையை ஆட்டிக் காட்டினார். நீங்களும் நின்றீர்கள், முதலாளி. இல்லை என்று சொல்லியிருப்பேன். சொன்னால் ஆர்டர் போகும், என் வரிசையில் இருக்கிறவர்களுக்குத்தான் முதலில் வேலை போகும். உங்களுக்கு வேறு ஆர்டர் வரும். அதனால் அந்த அம்மாவைப் பார்க்காமல் உங்கள் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

"ஆமாங்க. நாளைக்கும் வருவா. நாளானைக்கும் வருவா. இந்த ரூம்லதான் இருப்பா. முதலாளியே சொல்லிட்டாங்க."

நீங்கள் ஒரு நொடி விழித்தீர்கள். பிறகு, "ஆமா ஆமா, எல்லாம் நம்ம குழந்தைங்கதான், தினமும் இங்கதான் இருக்கும்" என்று ஒடிசாப் பெண்ணின் கையிலிருந்து என் மகளை வாங்கித் தூக்கிக் காட்டினீர்கள். போட்டோ எடுத்தார்கள்.

மறுநாள் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டுக்கு வந்தேன். வாட்ச்மேன் வயசானவர். "ஏஞ்சாமி, ஆடிட்டு நேத்தே முடிஞ்சு போச்சே" என்றார்.

"எனக்குத் தெரியுமுங்க. இவளுக்குத்தான் தெரியாது."

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டைத் திறந்துவிட்டார்.

உள்ளே பெட்டிகள் திரும்ப ஏறிக்கொண்டிருந்தன. தொட்டிலைக் காணோம். நீலக் கதவின் நிலையில், போகிற பெட்டிக்கும் வருகிற பெட்டிக்கும் குறுக்கே உட்கார்ந்து மகளுக்குப் பால் கொடுக்க ஆரம்பித்தேன். பெட்டி தூக்கி வந்தவர்கள் நின்றுவிட்டார்கள். மேலே என் மெஷின் சும்மா கிடந்தது. கொஞ்ச நேரத்தில் வரிசையும் நின்றது. சூப்பர்வைசர் ஓடி வந்தார், அவருக்குப் பின்னால் மேனேஜர். பிளாட்லாக் அக்கா கத்திக்கொண்டே படியிறங்கி வந்தார். "எங்கடி போய்த் தொலைஞ்ச? பீஸ் இல்லாம எல்லாரும் ஈ ஓட்டிட்டு உக்காந்திருக்கறோம்." என்னைப் பார்த்ததும் நின்றார். சூப்பர்வைசர் பக்கம் திரும்பி, "இன்னும் என்னத்தைப் பாத்துட்டு நிக்கறீங்க? பெட்டியை எடுக்கச் சொல்லுங்க. சாயங்காலம் சரக்கு ஏத்த வண்டி வருதில்ல?" என்றார்.

மேனேஜர் முன்னால் வந்தார். "சரி, இன்னைக்கு ஒரு நாள் மட்டும் வெச்சுக்கம்மா."

"நேத்து ஆடிட்டுக்கு வந்த அம்மாகிட்ட ஒரு நாள்னுங்களா முதலாளி சொன்னாங்க?"

மேனேஜர் பெட்டி தூக்குகிறவர்கள் பக்கம் கையைக் காட்டினார். பாதி அறையைக் காலி செய்தார்கள். ஜன்னல் கம்பியிலும் ரேக்கிலுமாகச் சேலையைக் கட்டித் தூளி போட்டேன். ஒடிசாப் பெண் தன் செக்கிங் டேபிளை அறை வாசலுக்கே இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். "அக்கா நீ போ. பாப்பா நான் பாக்குது."

அங்கேதான் என் மகள் தவழ்ந்தாள். பெட்டியைப் பிடித்து எழுந்து நின்றாள். டீ நேரத்தில் இறங்கி வந்து பால் கொடுத்துவிட்டுப் போவேன். கோட் நனைவது நின்றது. கட்டிங்கில் ஒருத்தி தன் பையனைக் கொண்டுவந்தாள். அயர்னிங்கில் இன்னொருத்தி. யாரும் எந்த மெஷினையும் தொடவில்லை, எந்தப் பீசும் கெடவில்லை.

போன வாரம் மேனேஜர் கூப்பிட்டுச் சொன்னார். சீசன் வருகிறதாம், சரக்கு வைக்க இடமில்லையாம். ஒன்றாம் தேதியிலிருந்து குழந்தையோடு வந்தால் கேட்டில் நிறுத்திவிடுவார்களாம். அதே வாரம் உங்கள் ஆபீஸ் வரவேற்பறையில் புதிதாக ஒரு படம் மாட்டியிருக்கிறீர்கள். நீங்கள் என் மகளைத் தூக்கி வைத்துக்கொண்டு சிரிக்கிற படம். என்னைக் கேட்கவில்லை. உள்ளே அவள் உருவம் இருக்கலாம், அவள் இருக்கக் கூடாது, அப்படித்தானே?

நான் நின்றுகொள்வேன் என்று எதிர்பார்க்கிறீர்கள். எத்தனையோ பேர் அப்படிச் சத்தமில்லாமல் நின்றுகொண்டார்கள். நான் நிற்க மாட்டேன். தனியாகப் பேசலாம் என்று இரண்டு தடவை ஆள் அனுப்பினீர்கள். வர மாட்டேன். தனியாகப் பேசினால் எனக்கு மட்டும் ஏதாவது செய்து கொடுப்பீர்கள், மற்ற இரண்டு பேரின் பிள்ளைகள் வெளியே போகும்.

ஒன்றாம் தேதி காலை எல்லோரும் வாசலில்தான் இருப்போம். கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், வருகிறேன் என்று சொன்ன எச்.ஆர். மேடம் உட்பட. இறங்கி வாருங்கள். மைக் வேண்டாம், உங்கள் குரல் போதும். அந்த அறை பிள்ளைகளுக்கா, பெட்டிகளுக்கா? பெட்டிகளுக்குத்தான் என்றால் அதையும் எங்கள் எல்லோர் முகத்தையும் பார்த்துச் சொல்லுங்கள்.