பீம் முனையில் பாதிக் குழிகள்

மண்ணூர்பேட்டையில் நான் சூப்பர்வைசராக இருக்கும் இரும்புப் பட்டறைக்கு ஒரு மதியம் பீம் ஒன்று லாரியில் திரும்பி வந்தது. குத்தம்பாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த குடோனுக்கு நாங்கள் முதன்முதலாக வெட்டி அனுப்பியது. தூண்மேல் உட்காரவில்லையாம், பத்து சென்டிமீட்டர் குறைகிறதாம். அதை கேஸ் கட்டரால் வெட்டியவன் என் தங்கை புருஷன். அவனை இங்கே சேர்த்துவிட்டவன் நான்.

முதலாளி கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "உன் மாப்ள சரியா வெட்டிட்டு, அப்பால ஒரு துண்டு நறுக்கிப் பழைய இரும்புக்குப் போட்டுக்கிறான். நாளைலேருந்து வர வேணாம்னு நீயே சொல்லிடு" என்றார்.

நான் பிறவிச் சந்தேகப் பிராணி. பெட்ரோல் பங்கில் மீட்டரை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டேன். முதலாளி சொன்னது உடனே மனசில் ஒட்டிக்கொண்டது. மாப்பிள்ளையின் சாப்பாட்டுப் பை கொஞ்ச நாளாகவே கனமாக இருந்த மாதிரி தோன்றியது. அவன் கை கழுவப் போன சமயம் தூக்கியே பார்த்துவிட்டேன். டிபன் பாக்ஸும் தண்ணீர் பாட்டிலும்தான். இன்றைக்கா எடுத்துப் போவான், என்றைக்கோ போயிருக்கும் என்றது மனசு. சே, என்ன மனசோ!

கம்பி பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு பீமிடம் போனேன். ஒரு முனை இரும்பு மில்லிலிருந்து வந்தபடியே இருந்தது, யாரும் கை வைக்கவில்லை. மற்ற முனைதான் நாங்கள் வெட்டியது. எங்கள் பட்டறையில் வெட்டுக் கோட்டின்மேல் பஞ்ச் வைத்துத் தட்டி வரிசையாகக் குழி போடுவோம். சாக்பீஸ் கோடு சூட்டில் அழிந்துவிடும், குழி நிற்கும். குழிக்கு நடுவே வெட்டினால் ஓரத்தில் பாதிக் குழிகள் மிஞ்சும். அதற்கப்புறம் யாராவது ஒரு துண்டு நறுக்கியிருந்தால் அந்தப் பாதிகளும் துண்டோடு போயிருக்கும்.

வெட்டிய ஓரத்தில் உருகி ஒட்டியிருந்த கசடைத் தேய்த்தேன். பாதிக் குழிகள் ஒன்று விடாமல் நின்றன. போட்ட கோட்டில்தான் வெட்டியிருக்கிறான். அப்படியானால் கோடே தப்பு!

கோடு போட்டது யார்? பெரிய வேலை என்றால் முதல் பீமுக்கு முதலாளி கையால்தான் மார்க்கிங். ராசியாம். அவர் மேசையிலிருந்த டேப்பை இழுத்துப் பார்த்தேன். நுனிக் கொக்கி உடைந்திருந்தது. அப்படிப்பட்ட டேப்பில் பத்து சென்டிமீட்டர் கோட்டை பீமின் முனையில் வைத்து அளப்போம். கடைசியில் அந்தப் பத்தை மறக்காமல் கூட்டிக்கொள்ள வேண்டும். மனிதர் கூட்டவில்லை.

முதலாளியைக் கூப்பிட்டு டேப்பையும் முனையையும் காட்டினேன். கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தார். "சரி உடுய்யா. அவன வேலையப் பாக்கச் சொல்லு" என்று உள்ளே போய்விட்டார்.

தலைகால் புரியாத சந்தோஷத்தில் திரும்பினால், மாப்பிள்ளை பின்னாலேயே நிற்கிறான்.

"தப்பிச்சே மாப்ள! நான் மட்டும் இல்லேன்னா..." என்று தோளைத் தட்டப் போனேன். விலகிக்கொண்டான்.

"லாரி வந்ததுலேருந்து பாத்துகினுதான் கீறேன் மச்சான். என் பையத் தூக்கிப் பாத்தே. பிரஷ்ஷப் போட்டுத் தேச்சுப் பாத்தே. இன்னா ஆச்சுன்னு என்னாண்ட ஒரு வார்த்த கேட்டியா?"

சுருக்கென்றது. நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன்.

"ஊட்ல உன் தங்கச்சியாண்ட இத்த சொல்லிடாத" என்றான். "அது உன்ன ரொம்ப நம்பிகினு கீது."